கைக்குழந்தையின் பேதிக்குக் காரணம் தாயா, தண்ணீர்க் குழாயா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, பொதுச் சுகாதாரத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் அளித்த விடைகள் இவை. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு வயது ஒன்றேகால். அடிக்கடி வயிறு போகிறது. "நீ கையைக் கழுவாமல் ஊட்டுகிறாய்" என்று மாமியார் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸும் அதையேதான் சொன்னார். நான் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்தால் எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டு இழுப்பார்கள். உண்மையிலேயே தவறு என்னுடையதுதானா? (ஒரு தாய், நகராட்சிப் பகுதி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் என்றும் அதை இழுக்கும் மோட்டார் என்றும், முதலில் ஆராய வேண்டியது அதைத்தான்.

குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு இருந்தால், சிறு ஓட்டை இருந்தாலும் உள்ளே இருக்கும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே புகாது. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகி அழுத்தம் விழுந்துவிடுகிறது. அப்போது சாக்கடையில் மூழ்கிக் கிடக்கும் விரிசல் வழியாகவும், தளர்ந்த மூட்டு வழியாகவும் கழிவுநீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. மறுபடி தண்ணீர் திறக்கும் நாளில், வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுவதால், இருக்கிற கொஞ்ச அழுத்தமும் போய்க் குழாயே சாக்கடையை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஒருநாள் வாசலில் நின்று, உங்கள் வீட்டு இணைப்பு எவ்வழியே வருகிறது என்று பாருங்கள். பிரதானக் குழாயிலிருந்து பிரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சாக்கடையின் குறுக்கே கறுப்புத் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதையும், உடைந்த மூட்டில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பதையும் நம் ஊர்களில் எத்தனையோ தெருக்களில் காணலாம்.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் கிடைக்க ஏற்பாடு செய்தபோது, அந்த வார்டுகளையும் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பெற்ற வார்டுகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விட்டுவிட்டு வந்த தண்ணீரில்தான் மலக்கிருமி அதிகம் தென்பட்டது. அதிலும் குழாய் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் மோசமாக இருந்தது. 2015இல் வெளியான முடிவுகளின்படி, சாதாரண வயிற்றுப்போக்கில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளிடையே, இரத்தம் கலந்து போகும் வயிற்றுப்போக்கு தொடர்ச்சியாகத் தண்ணீர் வந்த பகுதிகளில் குறைவாக இருந்தது. காய்ச்சவும் வடிகட்டவும் வசதியில்லாத வீட்டுக்குத்தான் நல்ல குழாய் அதிகம் தேவைப்படுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பழைய சான்று ஒன்றும் உண்டு. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகருக்கும் குடிநீர் அதே எல்ப் ஆற்றிலிருந்துதான் வந்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் எடுத்த தண்ணீர். ஆயினும் ஆல்டோனா அதை மணற்படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் அப்படியே கொடுத்தது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில் ஒருபக்க வீடுகளில் காலரா வந்தது, எதிர்ப்பக்க வீடுகள் தப்பின. இருபக்கத்துத் தாய்மாருக்கும் பழக்கவழக்கம் ஒன்றுதான். வேறாக இருந்தது குழாய். நம் பக்கத்திலேயே, 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவிக் காலரா உறுதியானபோது, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்துப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஓர் ஊரில் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் வந்தால், அத்தனை வீட்டுத் தாய்மாரும் ஒரே சமயத்தில் கைகழுவ மறந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்தால் உடனே தாயைச் சொல்லிவிடுகிறார்கள். இது அநியாயம் என்பதைத் தயங்காமல் எழுதுகிறேன்.

கைகழுவுவது முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். ஆனால் நான்கு நாள் தண்ணீரை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தாராளமாகக் கழுவ முடியுமா என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. குழாய் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல், புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சும்போது தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். காய்ச்சிய தண்ணீரில் டம்ளரோடு கைவிட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பாத்திரத்திலோ குறுகிய வாய்க் குடத்திலோ மூடிவைத்துச் சாய்த்து எடுங்கள். பால்புட்டி பயன்படுத்தினால் அதை விட்டுவிடுங்கள். புட்டியின் கழுத்தையும் நிப்பிளின் உட்புறத்தையும் முழுமையாகச் சுத்தம் செய்வது கடினம். பாலாடையோ சிறு டம்ளரோ போதும். மற்றபடி குழாயைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுப்பது உங்கள் வேலை அல்ல, நகராட்சியின் வேலை.

கேள்வி: பேத்திக்கு ஒன்பது மாதம். பல் முளைப்பதால் பேதியாகிறது என்றும், உச்சி விழுந்துவிட்டது என்றும், தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். இதில் எது சரி? (ஒரு பாட்டி, கிராமப்புறம்)

பதில்: அம்மா, உங்கள் தலைமுறை கண்டது சரி, அதற்குச் சொன்ன காரணமும் செய்த வைத்தியமும்தான் பொருந்தவில்லை.

உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதைக் கையால் தடவிப் பார்த்தே பாட்டிமார் அறிந்தார்கள். உடலிலிருந்து நீர் பெருமளவு வெளியேறிவிட்டது என்பதற்கு இன்றும் நாங்கள் பார்க்கும் அடையாளங்களில் அது ஒன்று. கண்கள் குழிவிழுதல், அழுதாலும் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி படியாமல் மெல்லப் படிதல், சிறுநீர் போகாமல் இருத்தல் ஆகியவையும் அவ்வாறே. ஆனால் உச்சி விழுந்தது என்று எண்ணெய் வைத்து நீவுவதாலோ, தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதி எதையோ எடுத்துக் காட்டுவதாலோ, போன நீர் திரும்பி வராது. உச்சிக்குழி இறங்கியிருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொக்கம் எடுப்பவரைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போய்வரும் அந்த அரைநாள்தான் பல குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது.

பல் முளைப்பது பேதியை உண்டாக்காது. ஆறாம் மாதத்துக்குப் பின் குழந்தை தவழ்கிறது, கண்டதை எடுத்து வாயில் வைக்கிறது, தாய்ப்பாலோடு வேறு உணவும் நீரும் உண்ணத் தொடங்குகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியும் அந்த நேரத்தில்தான் குறைகிறது. கிருமி உள்ளே போகும் பருவமும் பல் முளைக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும், பிறந்ததும் நாவில் தொட்டு வைக்கும் சேனையும், கிரைப் வாட்டரும் வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே.

கேள்வி: மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) கேட்டேன். ஆரஞ்சு சுவையுள்ள அட்டைப்பெட்டிப் பானம் ஒன்றைக் கொடுத்தார்கள். குழந்தை விரும்பிக் குடித்தது. ஆனால் பேதி இன்னும் அதிகமானது. ஏன்? (ஒரு தந்தை)

பதில்: நீங்கள் வாங்கியது பெரும்பாலும் இனிப்புப் பானமாக இருக்கும். 2025 அக்டோபரில்தான், இத்தகைய பானங்களின் பெயரிலும் லேபிளிலும் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மிகவும் தாமதமாக வந்த, ஆனால் மிகவும் தேவையான உத்தரவு.

கேட்டதற்கான விடை குடலின் இயல்பில் இருக்கிறது. பேதியின்போதும், குடலின் உட்சுவரில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே செல்லும் வழி ஒன்று பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கிறது. இரண்டும் சரியான அளவில் ஒன்றாக வந்தால் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் போகிறது. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் நடப்பது தலைகீழ்: உறிஞ்சப்படாத சர்க்கரை உடலிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்குகிறது. ஆகவே அளவுதான் மருந்து. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாய்ப்பாட்டில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தில் இந்த எண்களைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கிடைக்கும்.

இந்தக் கரைசலின் வரலாற்றை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்துப் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் நீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முகாமில் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவரது மேற்பார்வையில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் அல்லாதவரும், படிப்பில்லாதவரும், தாயும் பாட்டியும் உயிர் காக்க முடியும் என்று அவர் நிரூபித்தார். 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

கலக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் முழுவதையும், அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், காய்ச்சி ஆறவைத்ததில், ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகத் தொடருங்கள். நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும், அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்புக் கூடினால் ஆபத்து. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லதே.

கேள்வி: பேதியின்போது பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டுமா? ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?

பதில்: எதையும் நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். குழைந்த சோறு, இட்லி, பருப்பு, வாழைப்பழம், தயிர்சாதம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். நீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. மலத்தில் இரத்தம் இருந்தாலோ காலரா என ஐயம் இருந்தாலோ மருத்துவர் தருவார். பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கரைசலோடு துத்தநாக மாத்திரையும் அவசியம்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள்; சொன்ன நாள்கள் முழுவதும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவது குறையும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தாலோ வீட்டில் வைத்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்தோம். ஆனாலும் வயிற்றுப்போக்கு வந்தது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல, சொட்டு மருந்து அவற்றில் ரோட்டா வைரஸுக்கு எதிராக மட்டுமே வேலை செய்யும். அதைத் தனியே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்க வைக்கும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு உலகெங்கும் அதுவே முதன்மைக் காரணமாக இருந்தது. நல்ல குடிநீரும் கழிவுநீர் வசதியும் உள்ள பணக்கார நாடுகளிலும், தடுப்பு மருந்து வருமுன், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் அது தொற்றியது. சுத்தத்தால் மட்டும் தடுக்க முடியாத கிருமிக்குத் தடுப்பு மருந்தே வழி. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 2014இல் வெளியான அந்தச் சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா நோயில் பாதிக்குச் சற்று மேல் தடுக்கப்பட்டது. 2016இல் நாட்டின் சில மாநிலங்களிலும், 2017இல் தமிழ்நாட்டிலும் இது இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14ஆவது வாரங்களில் கொடுக்கப்படுகிறது.

பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. அடிக்கடி கிருமி தாக்கிய குடலும் சத்துக்குறைவும் இங்கே அவற்றின் பலனைக் குறைப்பதாகக் கருதப்படுகிறது. எனவே தடுப்பு மருந்துக்கும்கூட நல்ல தண்ணீரின் துணை வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் ஊரில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆனாலும் மழை பெய்தால் குழந்தைகளுக்குப் பேதி வருகிறது. எங்கே தவறுகிறோம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். கழிப்பறை கட்டுவது பாதி வேலை. மலம் அதற்குப் பின் எங்கே போகிறது என்பது மீதிப் பாதி. செப்டிக் டேங்கின் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பாருங்கள். கழிவை எடுத்துச் செல்லும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று விசாரியுங்கள். ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டினால், மழை அதை மறுபடி ஊருக்குள்ளேயே கொண்டுவரும். கிணற்றையோ ஆழ்துளைக் குழாயையோ ஒட்டி உறிஞ்சுகுழி இருந்தால் அதுவும் அப்படியே. கைக்குழந்தையின் மலத்தில் கெடுதல் இல்லை என்று எண்ணி, அதைக் குப்பையிலோ கொல்லையிலோ எறியும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. அதிகம் நோய்வாய்ப்படும் வயதினரின் மலத்தில்தான் கிருமிகளும் அதிகம். அதையும் கழிப்பறையிலேயே போட வேண்டும்.

சிறு சிறு மாற்றங்கள் போதுமா என்ற ஐயம் உலகளவிலேயே எழுந்திருக்கிறது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீட்டுக் கழிப்பறை, கைகழுவும் வசதி, வீட்டிலேயே நீரில் குளோரின் கலத்தல் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018 வாக்கில் வெளியாயின. வங்கதேசத்தில் பேதி குறைந்தது. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் குறையவில்லை. இவற்றால் குழந்தைகளின் வளர்ச்சி மூன்று நாடுகளிலுமே கூடவில்லை. அடிக்கடி பேதியாகும் குழந்தை வளர்ச்சி குன்றுகிறது, குன்றிய குழந்தைக்கு மறுபடி எளிதில் பேதியாகிறது; இந்தச் சுழலை உடைக்கக் குடும்பத்தின் கையில் ஒரு சோப்பையும் ஒரு பாட்டிலையும் கொடுத்தால் போதாது, ஊர் முழுவதற்கும் நல்ல குழாயும் நல்ல கழிவு ஏற்பாடும் வேண்டும் என்பதே அந்த முடிவுகளிலிருந்து நான் பெறும் பாடம். உள்ளாட்சி அமைப்பு போதிய நல்ல குடிநீர் வழங்க வேண்டும் என்பது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டக் காலத்திலிருந்தே இங்கே நிலவும் கடமை. அதை யாரிடமும் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் நாளையே தொடங்கக்கூடியது குளோரின் சோதனை. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம் என்ற பேச்சை ஏற்காதீர்கள். பிரிந்து ஈரம்பட்ட மூட்டையில் பவுடரின் வீரியம் போய்விட்டிருக்கும், கலங்கிய தண்ணீரிலும் குளோரின் தீர்ந்துவிடும். சோதிக்க வேண்டிய இடம் தொட்டியடி அல்ல, தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே பிடித்த தண்ணீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டால், குளோரின் இருக்கும்போது மஞ்சள் நிறம் தெரியும். ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்கு அருகில் மஞ்சள் தெரிந்து கடைசித் தெருவில் தெரியாவிட்டால், இடையே எங்கோ குழாய் உடைந்து அழுக்கு கலக்கிறது என்று ஐயப்பட வேண்டும். தெருத் தெருவாகச் சோதித்துக்கொண்டே வந்தால் அந்த இடத்தை நெருங்கிவிடலாம். மாதிரியை மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பி மலக்கிருமிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும், எந்தெந்த வீட்டுக் குழந்தைக்குப் பேதி வந்தது என்ற விவரத்தை வாரந்தோறும் கேட்டு வாங்கி, ஊரின் வரைபடம் ஒன்றில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரே குழாய்த் தடத்தில் திரண்டால், அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரையும் வட்டார மருத்துவ அலுவலரையும் பாருங்கள். குழாயைச் சரிசெய்து முடிக்கும்வரை அந்தத் தெருவுக்கு லாரியில் குளோரின் கலந்த தண்ணீர் அனுப்பும்படி எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.